அத்தியாயம் 6: எக்ஸ்எச்டிஎம்எல் பக்கத்தைக் கெடுக்காமல் திருத்துவது

போன அத்தியாயத்தின் முடிவில் உங்கள் நூல் இபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு வந்துவிட்டது. அதன் ஒவ்வொரு இயலும் ஒரு எக்ஸ்எச்டிஎம்எல் பக்கம். இனி மெய்ப்புப் பார்க்க வேண்டும், விட்டுப்போன வரியைச் சேர்க்க வேண்டும், படத்தை இடம் மாற்ற வேண்டும், அடிக்குறிப்பைச் சரிசெய்ய வேண்டும். இதையெல்லாம் கோட் பக்கத்தில், டேக்குகளுக்கு நடுவே செய்ய எல்லோருக்கும் பழக்கம் இருக்காது. அச்சுப் பக்கம் போலத் தெரிகிற பார்வை எடிட்டரைத் திறந்து நேரடியாகத் திருத்தவே கை போகும். அதில் தவறில்லை. ஆனால் அந்த எடிட்டர் பக்கத்தை எப்படிப் படிக்கிறது, எப்படித் திரும்ப எழுதுகிறது என்று தெரியாமல் திருத்தினால், திரையில் ஒரு குறையும் காட்டாமலே கோப்பு கெட்டுப்போகும். வாசகரின் போனில் இயல் பாதியில் நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இந்த அத்தியாயத்தில் நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றே: எடிட்டருக்குள் போவதற்கு முன்பும் வெளியே வந்த பின்பும் பக்கத்தைச் சோதியுங்கள், திரையில் சரியாகத் தெரிவது கோப்பு சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

நம் காஞ்சிபுரத்தில் மின்னூலாக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. இங்கே பிறந்த அண்ணாவின் நூல்கள் 1995-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன; அவற்றை யாரும் மின்னூலாக்கலாம். கோயில் தலவரலாறுகளில் பல, பழைய எழுத்துருவில் அடித்த டிடிபி கோப்புகளாகவே இருக்கின்றன. கோர்வை, பெட்னி, அடை என்று தறியில் புழங்கும் சொற்களை விளக்கத்தோடு எழுதிவைக்க வேண்டிய நேரம் இது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் விக்கிமூலமும், கணியம் அறக்கட்டளையின் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமும் தன்னார்வலர்களால் எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டிவிட்டன. இப்படி உருவாகும் நூல் இன்றைய போனில் திறந்தால் மட்டும் போதாது. இன்னும் வராத கருவிகளிலும் திறக்க வேண்டும். அதற்கு உத்தரவாதம், உள்ளே இருக்கும் எக்ஸ்எச்டிஎம்எல் பிழையின்றி இருப்பதுதான்.

ஒரு குறிப்பு: டேக்குகளின் பெயரை இந்த நூல் முழுவதும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். பத்திக்குப் ‘பி’, வரி முறிக்க ‘பிஆர்’, இணைப்புக்கு ‘ஏ’, தலைப்புக்கு ‘டைட்டில்’. கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எக்ஸ்எச்டிஎம்எல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு.

6.1 ஒரே பக்கம், இரண்டு வாசிப்பு

எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல்லின் கண்டிப்பான விதிகளுக்குள் கொண்டுவந்து எழுதியதுதான் எக்ஸ்எச்டிஎம்எல். அதன் 1.0 பதிப்பை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2000 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. விதிகள் சில: திறந்த டேக் ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். பண்புகளின் மதிப்பு மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். பிஆர், இமேஜ் போன்ற உள்ளடக்கம் இல்லாத டேக்குகள் சாய்கோட்டோடு தாமே மூடிக்கொள்ள வேண்டும்.

விதி மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. எச்டிஎம்எல் படிக்கும் நிரல் பிழையைப் பார்த்தால், எழுதியவர் நினைத்தது இதுவாக இருக்கும் என்று ஊகித்துச் சரிசெய்துகொண்டு மேலே போகும். எக்ஸ்எம்எல் படிக்கும் நிரல் முதல் பிழையிலேயே நின்றுவிடும். இணையதளங்களில் மன்னிக்கும் வழியே வென்றது. எக்ஸ்எச்டிஎம்எல் 2 முயற்சியை டபிள்யூ3சி 2009-இல் கைவிட்டது, 2014-இல் எச்டிஎம்எல்5 பரிந்துரை ஆனது. மின்னூலில் மட்டும் கண்டிப்பு தொடர்கிறது. 2007-இல் வந்த இபப் 2 எக்ஸ்எச்டிஎம்எல் 1.1-ஐ எடுத்துக்கொண்டது. 2011-இல் வந்த இபப் 3, எச்டிஎம்எல்5-ஐ எக்ஸ்எம்எல் வடிவில் எழுதச் சொல்கிறது. 2023-இல் டபிள்யூ3சி பரிந்துரையான இபப் 3.3-உம் அப்படியே.

இப்போது எடிட்டருக்கு வருவோம். மென்பொருள்களுக்குள் பதிந்திருக்கும் பார்வை எடிட்டர்கள் பெரும்பாலும் ஒரு பிரவுசர் எஞ்சினை வைத்து இயங்குபவை. பக்கத்தையே தொட்டுத் திருத்தும் வசதி 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5-இல் வந்தது, எச்டிஎம்எல்லுக்காகவே அமைந்தது. தடிமன், சாய்வு, பட்டியல் ஆகியவற்றைப் போடும் பழைய எக்ஸிக்கமாண்ட் கட்டளை, எக்ஸ்எச்டிஎம்எல்லாகத் திறந்த ஆவணத்தில் குரோமில் வேலையே செய்யாது. எச்டிஎம்எல் ஆவணத்துக்கு மட்டும்தான் என்று பிழை சொல்லிவிடும். ஆகவே எடிட்டர்கள் உங்கள் எக்ஸ்எச்டிஎம்எல் பக்கத்தை எச்டிஎம்எல்லாக வாசித்து, திருத்தவிட்டு, திரும்ப எக்ஸ்எச்டிஎம்எல்லாக எழுதித் தருவது வழக்கம். ஒரு மொழியின் இலக்கணப்படி எழுதியதை இன்னொரு இலக்கணப்படி வாசிக்கும் அந்த இடைவெளியில்தான் இந்த அத்தியாயம் பேசும் பிழைகள் பிறக்கின்றன.

இபப் திருத்தப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருளான சிகிலில் இதன் தடம் தெரியும். அதன் பழைய பதிப்புகளில் புக் வியூ என்ற பார்வை எடிட்டர் உள்ளேயே இருந்தது. 1.0 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, கோட் எடிட்டரையும் முன்னோட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். பார்வையில் திருத்த விரும்புவோருக்குப் பேஜ்எடிட் என்ற தனி மென்பொருளைத் தந்தார்கள். காலிபர் என்ற மென்பொருளின் நூல் எடிட்டரிலும் திருத்தம் கோட் பக்கத்தில்தான். பக்கத்திலேயே முன்னோட்டம் ஓடும்.

6.2 பயிற்சிப் பக்கம்

ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் எளிதாக விளங்கும். தறி பற்றிய நூல் ஒன்றில் ‘கோர்வைப் புடவை’ என்ற இயலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் பத்தி, உடல் ஒரு நிறத்திலும் கரை வேறு நிறத்திலும் வரும் புடவையை மூன்று நாடா போட்டு நெய்வதைச் சொல்கிறது. கரைப்பக்கம் நாடா தள்ள ஒரு உதவியாள் வேண்டும் என்கிறது. ‘பெட்னி’ என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு எண் இருக்கிறது. அதை அடுத்து உடல், கரை, முந்தி ஆகிய மூன்றையும் விளக்கும் சிறு அட்டவணை. பிறகு மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ என்று உருக்களின் பட்டியல். கடைசியில் கைலாசநாதர் கோயிலின் படமும், அங்கே ராஜசிம்ம பல்லவனின் பட்டப்பெயர்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருப்பதைக் காட்டும் ஒரு வரியும்.

கோட் பக்கத்தில் இந்தப் பக்கம் பிழையே இல்லாத எக்ஸ்எச்டிஎம்எல் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் எடிட்டரில் திறந்தவுடன் சிக்கல் தொடங்கலாம்.

அடிக்குறிப்பிலிருந்து திரும்பி வருவதற்கு, ‘பெட்னி’க்கு முன்னால் ஐடி மட்டும் தாங்கிய வெற்று ‘ஏ’ டேக் ஒன்றைச் சிலர் வைப்பார்கள். எக்ஸ்எம்எல்லில் அதைத் தானே மூடிக்கொள்வதாக எழுதினால் போதும். திறந்தது அங்கேயே மூடிவிட்டது. எச்டிஎம்எல் வாசிப்பில் ‘ஏ’ டேக்கின் சாய்கோட்டுக்கு மதிப்பில்லை. டேக் திறந்ததாக மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். பத்தி முடிந்தாலும் விடாமல், அடுத்த பத்தியின் தொடக்கத்தில் அதே ‘ஏ’ டேக்கை அதே ஐடியோடு மறுபடி திறக்கும். அதற்கடுத்த பத்தியிலும் அப்படியே. வேறொரு ‘ஏ’ டேக் வரும்வரை இது ஓடும். இணைப்பு முகவரி இல்லாத டேக் என்பதால் நிறமும் மாறாது, அடிக்கோடும் விழாது. திரையில் எல்லாம் சரி. சேமித்த பிறகு கோட் பக்கத்தைத் திறந்தால் பத்திதோறும் ஒரே ஐடி நிற்கும். வாசகர் அடிக்குறிப்பிலிருந்து திரும்ப அழுத்தினால் எங்கே போவோம் என்பது கருவிக்குக் கருவி மாறும்.

இதே காரணத்தால், சாய்வெழுத்துக்கான ‘ஐ’ டேக் ஒன்று வெறுமையாக, தானே மூடியபடி இருந்தால், அதற்குப் பிறகு இயல் முழுவதும் சாய்வெழுத்தாகும். வெற்று ‘டிவ்’ டேக் பின்னால் வருவதையெல்லாம் தன் வயிற்றில் போட்டுக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசம், பக்கத் தலையில் ‘டைட்டில்’ வெறுமையாக, தானே மூடியபடி இருப்பது. எச்டிஎம்எல் வாசிப்பு அதற்குப் பின் உள்ள முழுப் பக்கத்தையும் தலைப்பின் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எடிட்டரில் வெள்ளைத் திரைதான் தெரியும். பலர் கோப்பு அழிந்துவிட்டதென்று பதறுவார்கள். அழியவில்லை. சேமிக்காமல் மூடிவிட்டு, கோட் பக்கத்தில் டைட்டிலுக்குள் இயலின் பெயரை எழுதி, மூடும் டேக்கைத் தனியாகப் போட்டால் பக்கம் திரும்ப வந்துவிடும்.

6.3 எடிட்டரில் திறப்பதற்கு முன்

1. நகல் எடுங்கள். மூல இபப் கோப்பைத் தேதியிட்ட பெயரில் தனியாக வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

2. கட்டமைப்பைச் சோதியுங்கள். சிகிலில் எஃப்7 அழுத்தினால் ஒவ்வொரு பக்கமும் எக்ஸ்எம்எல் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். இந்தச் சோதனையில் தேறாத பக்கத்தைப் பார்வை எடிட்டரில் திறக்கவே வேண்டாம். பிழையை எடிட்டர் தன் ஊகப்படி சரிசெய்துவிடும். அந்த ஊகம் உங்கள் எண்ணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

3. வெற்று டேக்குகளைப் பிரித்து எழுதுங்கள். பிஆர், எச்ஆர், இமேஜ், மெட்டா, லிங்க் போன்ற சில மட்டுமே தாமே மூடிக்கொள்ளலாம். மற்றவை வெறுமையாக இருந்தாலும் திறக்கும் டேக், மூடும் டேக் இரண்டும் எழுதுங்கள். அடிக்குறிப்பு எண்ணையே ‘ஏ’ டேக்குக்குள் வைத்து, ஐடியையும் அதிலேயே கொடுத்தால் வெற்று டேக்கே தேவைப்படாது.

4. பத்திக்குள் பட்டியலோ அட்டவணையோ வைக்காதீர்கள். ‘பி’ டேக்குக்குள் பட்டியலை வைத்தால், எக்ஸ்எம்எல் கட்டமைப்புச் சோதனையில் அது தேறிவிடும். எச்டிஎம்எல் வாசிப்போ பட்டியல் தொடங்கும் இடத்திலேயே பத்தியை மூடிவிடும். பின்னால் தனியே நிற்கும் பத்தி மூடும் டேக், ஒரு வெற்றுப் பத்தியாக மாறும். பட்டியலுக்குக் கீழே காரணமில்லாமல் இடைவெளி தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

5. பெயர்க் குறியீடுகளை மாற்றுங்கள். எக்ஸ்எம்எல்லுக்கு ஐந்து பெயர்க் குறியீடுகள்தான் தெரியும்: & குறி, சிறியது, பெரியது, இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள். எச்டிஎம்எல்லில் புழங்கும் மற்றவை இபப் 3-இல் செல்லாது. பிரியா இடைவெளி வேண்டுமென்றால் &#160; என்று எண்ணால் எழுதுங்கள். கடைப்பெயர், நிறுவனப் பெயர்களில் வரும் & குறியைத் தனியாக விடாதீர்கள்; அதையும் அதற்குரிய குறியீடாகவே எழுத வேண்டும். பட்டுக்கடைகளின் பெயர் வரும் நூலில் இந்த ஒரு பிழை பக்கத்துக்குப் பக்கம் வரும்.

6. மொழியைக் குறிப்பிடுங்கள். ‘லாங்’, ‘எக்ஸ்எம்எல்:லாங்’ ஆகிய இரண்டு பண்புகளையும் எச்டிஎம்எல் வேர் டேக்கிலேயே தமிழுக்கான குறியோடு கொடுங்கள். எக்ஸ்எம்எல் கருவிகள் பின்னதைப் பார்க்கும். எச்டிஎம்எல் வாசிப்பு முன்னதைத்தான் மதிக்கும். உரையைக் குரலாக வாசித்துக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு இது மிக முக்கியம். மொழி தெரியாவிட்டால் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரல் வாசிக்க முயலும்.

6.4 எடிட்டருக்குள் இருக்கும்போது

எழுத்துப் பிழை திருத்துவது, சொல் சேர்ப்பது, வரி நீக்குவது ஆகியவற்றைப் பார்வை எடிட்டரில் தாராளமாகச் செய்யலாம். கட்டமைப்பை மாற்றும் வேலை, அதாவது அட்டவணை சேர்ப்பது, அடிக்குறிப்பை இடம் மாற்றுவது, தலைப்பு நிலைகளை மாற்றுவது போன்றவற்றைக் கோட் பக்கத்தில் செய்வதே நல்லது.

என்டர் தட்டும்போது என்ன பிறக்கிறது என்று உங்கள் எடிட்டரில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். குரோம் எஞ்சின் இயல்பாக ‘டிவ்’ டேக்கைப் போடும். பயர்பாக்ஸும் 60-ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். நூலின் பத்திகளெல்லாம் ‘பி’யாக இருக்க, நீங்கள் சேர்த்த பத்தி மட்டும் ‘டிவ்’ ஆனால், முதல் வரியின் உள்ளிடைவெளி அதற்கு மட்டும் வராது. எடிட்டரின் அமைப்பில் பத்திக்கு ‘பி’ என்று தேர்ந்துகொள்ள வழி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாமல், எழுத்தை மட்டும் ஒட்டுங்கள். வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் எழுத்துருப் பெயர், அளவு, பின்னணி நிறம் எல்லாம் ‘ஸ்பான்’ டேக்குகளாகக் கூடவே வரும். இரவு வாசிப்புக்காகப் பின்னணியைக் கறுப்பாக்கிய வாசகருக்கு அந்தப் பத்தி மட்டும் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய டிடிபி கோப்புகளிலிருந்தும் வேர்டிலிருந்தும் எடுத்த உரையில் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகள் சில ஒட்டிக்கொண்டிருக்கும். யூனிகோடில் 11-ஆம் எண்ணுள்ள செங்குத்து டேப் அப்படிப்பட்டது. வேர்டில் ஷிஃப்டோடு என்டர் தட்டிய இடங்களில் இருக்கும். எச்டிஎம்எல் வாசிப்பு அதைப் பொருட்படுத்தாது. எக்ஸ்எம்எல் 1.0-இல் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. பக்கம் அந்த இடத்தோடு நின்றுவிடும். ஒட்டுவதற்கு முன் உரையை ஒரு சாதாரண எடிட்டரில் போட்டு இவற்றை நீக்கிவிடுங்கள்.

அட்டவணையில் நீங்கள் எழுதாத ‘டிபாடி’ டேக்கை எச்டிஎம்எல் வாசிப்பு தானாகச் சேர்க்கும். இதனால் கோப்பு கெடாது. ஆனால் உங்கள் சிஎஸ்எஸ் விதி, அட்டவணைக்கு நேர் கீழே வரிசை வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தால் கோடுகள் மறையும். முதலிலிருந்தே ‘டிபாடி’யை எழுதிவிட்டால் இரண்டு வாசிப்பும் ஒன்றாகிவிடும்.

6.5 தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ பாதிப் பிழைகள் இங்கேதான்.

பழைய எழுத்துருவில் உள்ள உரையை, எக்ஸ்எச்டிஎம்எல்லுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி, வானவில், டிஸ்கி, டாப் ஆகிய ஒவ்வொன்றிலும் எழுத்துகளின் இடம் வேறு. சில எழுத்துருக்களில் சிறியது, & போன்ற குறிகள் இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்து இருக்கும். டேக்குகளோடு சேர்த்து மாற்றினால் டேக்கும் தமிழாகிவிடும். எழுத்து டேக்காகவும் ஆகலாம்.

‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘ொ’ என்ற ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றுபோலவே இருக்கும். பேக்ஸ்பேஸ் ஒரு முறை தட்டினால் முதல் வகையில் ‘க’ மிஞ்சும். இரண்டாவதில் ‘கெ’ மிஞ்சும். தேடும்போது ஒரு வகையில் எழுதியது இன்னொரு வகைக்கு அகப்படாமல் போகலாம். என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலை நூல் முழுவதற்கும் ஒரு முறை ஓட்டினால் இது தீரும். ‘கௌ’ என்பதை ககரத்தோடு கொம்பும் ளகரமும் தட்டி ‘கெள’ என்று எழுதியிருந்தால் என்எஃப்சி உதவாது. அது வேறு எழுத்து. ‘கௌரி’ என்ற பெயரைத் தேடிக் கையால்தான் திருத்த வேண்டும். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வடிவம் உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. கோயில் பெயர்கள் நிறைந்த காஞ்சிபுர நூலில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அதையே வையுங்கள்.

மெய்யையும் உயிர்க்குறியையும் டேக் பிரிக்கக் கூடாது. ‘கோர்வை’யில் ககரம் ஒரு ‘ஸ்பான்’ டேக்குக்குள்ளும் ‘ோ’ அதற்கு வெளியேயும் போனால், புள்ளிவட்டத்தோடு குறி தனியாக நிற்கக்கூடும். எக்ஸ்எம்எல் சோதனை இதைப் பிழையென்று சொல்லாது. டேக்குகள் ஒழுங்காகத்தானே மூடியிருக்கின்றன. இயலின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரத்தில் இது அடிக்கடி நிகழும். முழு எழுத்தையும் டேக்குக்குள் வையுங்கள்.

இனி அந்தக் கிரந்த வரி. கிரந்த எழுத்துகள் 2014-இல் யூனிகோடு 7.0-இல் இடம்பெற்றன. அவற்றின் எண்கள் 16 பிட்டுக்கு மேலே இருப்பதால், ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு அலகாக உட்காரும். எடிட்டரின் தேடல் நிரலோ சுத்தம் செய்யும் நிரலோ அலகு அலகாக நறுக்கினால், ஓர் எழுத்து இரண்டு பாதியாகும். தனிப் பாதிக்கு எக்ஸ்எம்எல்லில் அனுமதி இல்லை. கிரந்தம் உள்ள பத்திகளைப் பார்வை எடிட்டரில் திருத்திய பின், கட்டாயம் மீண்டும் சோதியுங்கள். அந்த எழுத்துகளைக் காட்டும் எழுத்துருவையும் நூலிலேயே இணையுங்கள்.

6.6 சேமித்த பிறகு

எடிட்டரிலிருந்து வெளியே வந்ததும் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் எஃப்7 சோதனை. அடுத்து, திருத்துவதற்கு முன் எடுத்த நகலோடு கோட் பக்கத்தை வரிக்கு வரி ஒப்பிடும் கருவியில் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஐந்து சொல் திருத்தியிருந்தால் ஐந்து இடம்தான் மாறியிருக்க வேண்டும். ஐம்பது இடம் மாறியிருந்தால் எடிட்டர் தன் விருப்பப்படி எதையோ செய்திருக்கிறது. என்னவென்று கண்டறியாமல் மேலே போகாதீர்கள். மூன்றாவது, இபப்செக் கருவி. நூலின் எல்லாக் கோப்பையும் இபப் தரத்தோடு ஒப்பிட்டு, பிழையை வரி எண்ணோடு அது சொல்லும்.

இபப்செக் சொல்லும் குறிகளில் இரண்டை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆர்எஸ்சி-016 என்றால் பக்கம் எக்ஸ்எம்எல்லாகவே படிக்க முடியாத நிலையில் இருக்கிறது: மூடாத டேக், தனி & குறி, தெரியாத பெயர்க் குறியீடு, அனுமதியில்லாத எழுத்து. இது இருக்கும்வரை நூலை வெளியிடக் கூடாது. ஆர்எஸ்சி-005 என்றால் பக்கம் படிக்க முடிகிறது, ஆனால் டேக்கோ பண்போ இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது: பத்திக்குள் பட்டியல், ஒரே ஐடி இரண்டு முறை. பட்டியலின் மேலிருந்து திருத்திக்கொண்டு வாருங்கள். முதல் பிழையைச் சரிசெய்தால் அதனால் விளைந்த பின்பிழைகள் தாமே மறையும்.

6.7 தங்கள் மென்பொருளில் எடிட்டரைப் பொருத்துவோருக்கு

சங்கத்துக்கோ பதிப்பகத்துக்கோ சொந்தமாகத் திருத்தும் மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு இந்தப் பகுதி. மற்றவர்கள் 6.8-க்குப் போகலாம்.

உள்ளே வரும் பக்கத்தை டாம்பார்சரில் எக்ஸ்எச்டிஎம்எல் வகை என்று சொல்லித் திறந்து, பிழை வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிழை இருந்தால் பார்வை எடிட்டரைத் திறக்காமல் பயனரைக் கோட் பக்கத்துக்கு அனுப்புங்கள். ஊகித்துச் சரிசெய்வதை நிரலிடம் விடாதீர்கள்.

திருத்துவதற்குப் பக்கத்தின் உடல் பகுதியை மட்டும் கொடுங்கள். எக்ஸ்எம்எல் அறிவிப்பு, டாக்டைப், வேர் டேக், அதில் உள்ள நேம்ஸ்பேஸ் வரிகள், தலைப்பகுதி ஆகியவற்றை மூலத்தில் இருந்தபடியே வைத்திருந்து, சேமிக்கும்போது திரும்ப ஒட்டுங்கள். எச்டிஎம்எல் வாசிப்புக்கு எக்ஸ்எம்எல் அறிவிப்பு வெறும் கமெண்டுதான். இபப் 3-இன் அடிக்குறிப்பு வகையைச் சொல்லும் ‘இபப்:டைப்’ பண்பும் அதற்கு நடுவில் புள்ளிகள் உள்ள ஒரு சாதாரணப் பெயர்தான். வேர் டேக்கில் உள்ள நேம்ஸ்பேஸ் வரி தொலைந்தால் அந்தப் பண்பு உள்ள பக்கமெல்லாம் எக்ஸ்எம்எல் சோதனையில் விழும்.

சேமிக்கும்போது இன்னர்எச்டிஎம்எல்லை எடுத்து அப்படியே எழுதாதீர்கள். எச்டிஎம்எல் ஆவணத்தில் அது எச்டிஎம்எல் இலக்கணப்படியே எழுதித் தரும்: பிஆர் டேக்குக்குச் சாய்கோடு இருக்காது, பிரியா இடைவெளி பெயர்க் குறியீடாக வரும். திருத்தும்போது பயனர் இரண்டு முறை இடைவெளி தட்டினாலே எடிட்டர் அந்தப் பிரியா இடைவெளியைப் போட்டுவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியே பக்கத்தை நிறுத்தப் போதும். எக்ஸ்எம்எல்சீரியலைசரைப் பயன்படுத்துங்கள். அது பிரியா இடைவெளியை நேரடி எழுத்தாக எழுதும், பிஆரைச் சாய்கோட்டோடு மூடும். வெற்று ‘ஏ’, ‘டிவ்’ போன்றவற்றைத் திறப்பு, மூடல் இரண்டோடும் எழுதும். அப்படி வந்த கோப்பை மறுபடி டாம்பார்சரில் எக்ஸ்எச்டிஎம்எல்லாகத் திறந்து பாருங்கள்; தேறினால் மட்டும் பழைய கோப்பின் மேல் எழுதுங்கள்.

டேக் பெயரை ஒப்பிடும் நிரல் வரிகளையும் பாருங்கள். எச்டிஎம்எல் ஆவணத்தில் டேக்நேம் பெரிய எழுத்தில் வரும், எக்ஸ்எச்டிஎம்எல் ஆவணத்தில் சிறிய எழுத்தில் வரும். லோக்கல்நேம் இரண்டிலும் சிறிய எழுத்துதான். ஒப்பிட அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

6.8 அறிகுறியும் காரணமும்

- பக்கம் முழுக்க வெள்ளை: வெற்று ‘டைட்டில்’ தானே மூடியிருக்கிறது.
- ஓரிடத்திலிருந்து கடைசிவரை சாய்வு அல்லது தடிமன்: சாய்வுக்கான ‘ஐ’ டேக்கோ தடிமனுக்கான டேக்கோ வெறுமையாக, தானே மூடியிருக்கிறது.
- பட்டியலின் கீழ் தேவையில்லாத இடைவெளி: பத்திக்குள் பட்டியல் இருந்தது.
- சில பத்திகளுக்கு மட்டும் வேறு எழுத்துரு அல்லது பின்னணி: ஒட்டும்போது வந்த ‘ஸ்பான்’ டேக்குகள்.
- புள்ளிவட்டத்தோடு நிற்கும் உயிர்க்குறி: டேக் எழுத்தை நடுவில் பிரித்திருக்கிறது.
- கண்முன் இருக்கும் சொல் தேடலில் கிடைக்கவில்லை: ஒரே எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது.
- எடிட்டரில் சரி, வாசிப்புக் கருவியில் பாதியில் நிற்கிறது: பெயர்க் குறியீடு, தனி & குறி அல்லது அனுமதியில்லாத எழுத்து.

6.9 வெளியிடும் முன் சரிபார்ப்பு

1. மூல நகல் தனியாக இருக்கிறது.
2. எல்லாப் பக்கமும் எஃப்7 சோதனையில் தேறியது.
3. ஒவ்வொரு பக்கத்துக்கும் டைட்டில் எழுதப்பட்டிருக்கிறது.
4. மொழிப் பண்பு இரண்டும் இருக்கின்றன.
5. நூல் முழுவதும் என்எஃப்சி ஓட்டப்பட்டது. ‘ஸ்ரீ’, ‘ஔகாரம்’ கையால் பார்க்கப்பட்டன.
6. நகலோடு ஒப்பிட்டதில் நீங்கள் செய்யாத மாற்றம் எதுவும் இல்லை.
7. அடிக்குறிப்பு ஒவ்வொன்றும் போய்த் திரும்பி வருகிறது.
8. இபப்செக்கில் பிழை இல்லை.
9. ஒரு போன், ஒரு கணினி, ஒரு மின்னூல் கருவி என்று குறைந்தது மூன்றில் திறந்து பார்க்கப்பட்டது.

இந்த ஒன்பதையும் முடிக்க, பழகிய கைக்கு ஓர் இயலுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். எடிட்டரில் திருத்தும் உரிமையைத் தமிழ் நன்றாகத் தெரிந்த, டேக் தெரியாத மெய்ப்புத் திருத்துநருக்கும் தயங்காமல் கொடுங்கள். முன்னும் பின்னும் சோதிப்பதை மட்டும் குழுவில் ஒருவர் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். தறிச் சொற்களை விளக்கத் தெரிந்தவரும், கல்வெட்டை வாசிக்கத் தெரிந்தவரும், அண்ணாவின் பழைய பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை உள்ளவரும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு ஒரு மூடாத டேக்கால் வாசகரிடம் சேராமல் போகக் கூடாது. அடுத்த அத்தியாயத்தில், தேறிய பக்கங்களுக்கு உள்ளடக்கப் பட்டியலும் அட்டையும் சேர்ப்போம்.